அக்டோபர் பட்டையின் 214ஆம் எண்

எங்கள் நிலையத்தின் வயலில் இரண்டாயிரம் கம்பி ஆன்டெனாக்கள் நிற்கின்றன. வானத்திலிருந்து வரும் இருபது மெகாஹெர்ட்ஸ் அலைகளை வாங்கி, எந்த இடத்தில் எது எவ்வளவு பலமாக ஒலிக்கிறது என்று பட்டியல் போடுவது எங்கள் வேலை. வானத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் கொடுத்திருந்தோம். ஆண்டுக்கு மூன்று நாள்தான் ஒரு பட்டைக்கு. அதனால் ஜூன் பட்டை, அக்டோபர் பட்டை என்று மாதப் பெயரே நிலைத்துவிட்டது.

பதினோரு ஆண்டுகளில், அலை வரும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்றாக, முந்நூற்றுப் பன்னிரண்டு எண்கள் சேர்ந்திருந்தன. 1984 அக்டோபர் 19, வெள்ளிக்கிழமை, பட்டியல் ஹார்கிவ் அச்சகத்துக்குப் போக வேண்டும். எங்கள் தலைவர் மிரோன் லுகிச்சுக்குப் புத்தாண்டோடு ஓய்வு. அதற்குள் அச்சாகாவிட்டால் அடுத்து வரும் தலைவர் பெயரில்தான் வெளிவரும்; நிறுவன வழக்கம் அப்படி.

புதன்கிழமை காலை, கடைசிச் சரிபார்ப்புக்கு எடுத்த, கருவியின் பேனா கோடு வரைந்த மூன்று நாள் தாள்களை அவர் மேசையில் விரித்தேன்.

"214 வரலை, மிரோன் லுகிச். மூணு நாளும் வரலை."

"பேனாவுல மை காஞ்சிருக்கும்."

"மத்ததெல்லாம் வரையற பேனா, இதுக்கு மட்டும் காயுமா?"

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். 214 வேறு எந்த நாட்டுப் பட்டியலிலும் இல்லாதது. மூன்று அக்டோபர்களில், மாலை ஆறு மணியை ஒட்டி, பேனா மெல்ல ஏறி, கால் மணி நேரத்தில் இறங்கியிருந்தது. அவரே கண்டுபிடித்தது.

"சிக்னல் பெருக்கியைக் கழட்டிப் பாரு நொன்னா" என்றார். நாள் முழுக்கக் கழற்றிப் பார்த்தேன். ஒரு பழுதும் இல்லை.

மாலையில் கூட்டுப்பண்ணை மாட்டுக் கொட்டிலுக்குப் பால் வாங்கப் போனேன். நிலையத்துக்கும் அதற்கும் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. பால் ஊற்றும் மோத்ரியா வாசலிலேயே உட்கார்ந்து தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"வாடி, வானத்துக்காரி! மேல இருக்கறவங்க நல்லாருக்காங்களா?"

"உனக்கென்ன, தோள்ல?"

"லாரியில பால் ஏத்தற பம்ப் புகைஞ்சு போய் நாலு நாளாச்சு. தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு முப்பது கேனையும் நாங்கதான் தூக்கறோம். மெக்கானிக் நாளைக்கு வர்றானாம். எந்த நாளைக்குன்னு யாருக்குத் தெரியும்!"

"பம்ப் எவ்வளவு நேரம் ஓடும்?"

"கால் மணி நேரம். ஏன், உன் வானத்துக்கும் பால் வேணுமா?"

பாலை வாங்காமலே திரும்பிவிட்டேன். மோட்டார் பொறி தட்டினால் அதுவும் ரேடியோ அலைதான்; இவ்வளவு பக்கத்தில் எங்கள் கம்பிகள் அதை வாங்காமல் விடாது. விண்மீன்கள் நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி வரும். மூன்று நாளில் அது எட்டு நிமிடம்தான். 214 அந்த எட்டு நிமிடம் ஒழுங்காக முந்தாதபோதெல்லாம், அலைகளை வளைக்கும் அயனி மண்டலத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு, சராசரி எடுத்துக்கொண்டோம். ஆண்டுதோறும் அதே மாதம், அதே நாள்கள் என்பதால் கடிகாரமும் வானமும் ஒத்துப்போய்விட்டன. வேறு மாதத்தில் ஒரே ஒரு முறை பார்த்திருந்தால் போதும்; விண்மீனின் நேரம் மாறியிருக்கும், இது ஆறு மணியிலேயே நின்றிருக்கும்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்றும் வழியில் நினைத்தேன். அச்சில் ஒரு எண் கூடினால் வானம் இடிந்துவிடாது. எனக்கும் அலுத்துப்போயிருந்தது. ஆனாலும் மறுநாள் காலை அவரிடம் சொன்னேன்.

முழுவதும் கேட்டுவிட்டு, "பம்ப் சரியாச்சுன்னா போய் ஓட்டச் சொல்லு. ரெண்டு மணிக்கு. அந்த நேரத்துல வானத்துல அங்க ஒண்ணுமில்ல" என்றார்.

மெக்கானிக் நிஜமாகவே வந்திருந்தான். இரண்டு மணிக்கு மோத்ரியா, வெறும் தண்ணீரை வைத்து, பம்பை ஓடவிட்டாள். பத்து நிமிடத்தில் பண்ணை அலுவலகத்துத் தொலைபேசி ஒலித்தது.

"நிறுத்தச் சொல்லு" என்றார் மிரோன் லுகிச்.

"ஏறிச்சா?"

"ஏறிச்சு."

மோத்ரியா இடுப்பில் கைவைத்து நின்றாள். "அப்போ மூணு வருஷமா என் மாட்டுப் பாலுக்கா நம்பர் போட்டீங்க? அதையும் ரஷ்ய மொழியில அச்சடிச்சு வெளிநாட்டுக்கு அனுப்பப் போறீங்களா?"

திரும்பி வந்தபோது அவர் தட்டச்சு செய்த பட்டியலின் முதல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே அவர் பெயர்.

"ஒரு எண்ணை அடிச்சுட்டா நாளைக்கு அனுப்பிடலாமே?" என்றேன்.

"மத்த முந்நூத்திப் பதினொண்ணு? அதுங்களையும் வருஷா வருஷம் அதே மாசத்துலதானே பார்த்தோம்?"

"பலமா வர்றதெல்லாம் வெளிநாட்டுப் பட்டியல்லயும் இருக்கு."

"எத்தனை?"

"நூத்தித் தொண்ணூறு."

அவர் அச்சகத்தைக் கூப்பிட்டு, பட்டியல் இப்போது வராது என்றார். மறுமுனையில் யாரோ நெடுநேரம் கத்துவது எனக்கே கேட்டது. "தெரியும்... தெரியும். பேர் மாறும்னும் தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஜனவரியில் அக்டோபர் பட்டை நண்பகலில் தலைக்கு மேல் வரும். மீதி நூற்று இருபத்தொன்றுக்கும் புதிய அட்டவணை எழுத உட்கார்ந்தோம். நான்காவது வரியில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"நீ எழுது, நொன்னா. நான் மாசத்தை மட்டும் சொல்றேன்."