மாமா வண்டியை எடுத்த காலை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அக்காதான் போனில் கொடுத்தாள். "உன் மாமா ஸ்டீயரிங்கையே தொட மாட்டேங்கறார்டா. நீ கதை எழுதறவன்தானே, வந்து ரெண்டு வார்த்தை பேசு." எழுதுகிறவனுக்குப் பேசவும் தெரியும் என்று நம்பும் அப்பாவி.

2

முதல் தொடக்கம்: "பெருந்தொற்றின் கரிய நிழல் நகரத்தின் மீது..." வேண்டாம். அந்த நிழலில் நாம் எல்லோரும்தானே இருந்தோம்.

இரண்டாவது: மாமா பேருந்து ஓட்டுநர். ஊரடங்கு முடிந்து வண்டிகள் ஓடத் தொடங்கிய முதல் வாரம், பின்னால் யாரோ விடாமல் இருமினார்கள். மாமா வண்டியை ஓரங்கட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டார். பிறகு தனி அறை, தனித் தட்டு. மகள் நெருங்கினால், "தள்ளி நில்லும்மா."

இது இருக்கட்டும்.

3

நான் போனேன். முதல் வரைவில் மாமா என் தோளில் சாய்ந்து அழுதார். அதைப் படித்துவிட்டு, "நான் எங்கடா அழுதேன்? அழுதது நீ" என்றார். அந்த வரியை அடித்துவிட்டேன். நடந்தது இதுதான்:

"நான் போயிடுவேன்னு பயமில்ல மாப்ள. என் கையாலயே நோயை வீட்டுக்குள்ள கொண்டு வந்துடுவேனோன்னுதான்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா மாமா?"

"இத்தனை வருஷம் ஓட்டினவன் பயமா இருக்குன்னா சிரிக்க மாட்டாங்களா?"

(இங்கே என்னுடைய அறிவார்ந்த பதில் ஒன்று இருந்தது. பொய்.) அக்காதான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "சிரிக்கட்டும், வாய் சுளுக்கிக்கட்டும். நாளைக்குப் போய்ச் சொல்லுங்க."

4

சொன்னார். ஓட்டுநர்கள் கூடியிருந்த ஓய்வறையில், எழுந்து நின்று: "எனக்கு வண்டில ஏறவே பயமா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. பணிமனையே அதிரக் கத்துவதால் 'சைரன்' என்று பட்டப்பெயர் வாங்கியவர் முணுமுணுத்தார்: "எனக்கும்தாண்ணே. மாசக்கணக்கா தூக்கமே இல்ல." பிறகு இன்னொருவர். பிறகு மேலாளரே.

(கைதட்டல் சேர்க்க ஆசைதான். ஆனால் அங்கே யாரும் தட்டவில்லை.) விடுங்கள். மேலாளர் மனநல ஆலோசகரை வரவழைத்தார். மாமா வாராவாரம் அவரிடம் போனார், சைரனையும் கையோடு இழுத்துக்கொண்டு.

5

ஒரு திங்கட்கிழமை காலை மாமா சீருடை போட்டுக்கொண்டார். அக்காவும் மகளும் நானும் கூடவே ஏறினோம். பின்னால் போய் உட்காரப் போன மகளிடம், "முன்னாடி வாம்மா, அப்பா பக்கத்துல" என்றார். வண்டி உறுமிக் கிளம்பியது. மேம்பாலத்தில் ஏறும்போது மாமா பாடத் தொடங்கினார், சுருதியோடு ஜென்மப் பகை உள்ள குரலில். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசி நிறுத்தத்தில் கதையை முடித்துவிடலாம் என்றிருந்தேன். மாமா விடவில்லை. "இறங்கு மாப்ள. ஜனம் நிக்குது, அடுத்த ட்ரிப் போகணும்."

நான் இறங்கிவிட்டேன். நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள், ஜன்னலோரம் இடமிருக்கிறது. எங்கே போய் முடிகிறது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.