இன்னும் ஒரு சுற்று

அந்தக் கதவைத் திறக்கப் பூட்டுக்காரிக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பூட்டைப் போட்டவளே அவள்தான். போன பிறந்தநாளுக்கு மகள் சுண்டு கேட்ட ஒரே பரிசு, தன் அறைக்கு ஒரு பூட்டு. பதினோரு வயதில் எதற்கு என்று அப்பா சிரித்தார். அம்மா தன் கடையிலேயே நல்லதாகப் பார்த்து இரண்டு சுற்றுப் பூட்டாகப் பொருத்தினாள். உள்பக்கம் திருகுபிடி, வெளிப்பக்கம் சாவித்துளை. முதல் சுற்றில் பூட்டின் நாக்கு பாதி நீளும். இரண்டாம் சுற்றில் முழுதும் நீண்டு நிலைச்சட்டத்துக்குள் புதைந்துகொள்ளும்.

இன்று பள்ளியிலிருந்து வந்த வேகத்தில் சுண்டு இரண்டு சுற்றும் சுற்றிவிட்டாள்.

காரணம், அம்மாவின் நாக்கு. சுண்டு இன்னும் சில இரவுகளில் படுக்கையை நனைத்துவிடுகிறாள். அது வீட்டுக்குள் மட்டும் இருந்த விஷயம். மனம் கேட்காமல் அம்மா அதைச் சபையின் பெண்கள் ஜெபக்குழுவில் குரல்செய்தியாகப் போட்டிருந்தாள், ஜெபக்குறிப்பு என்று. இன்று பஸ் நிறுத்தத்தில், தோழிகள் நடுவே, அந்தக் குழுவின் அக்கா ஒருத்தி சுண்டுவின் தலையில் கை வைத்து, "கவலப்படாத கண்ணு, இனிமே படுக்கை நனையாது. நாங்க எல்லாரும் ஜெபிக்கிறோம்ல" என்று சொல்லிவிட்டாள்.

அம்மா கதவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். எழுந்தாள். கூடம்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"சுண்டு, உள்ள நல்லாத்தானே இருக்க? ஒரு சத்தமாவது குடு."

உள்ளேயிருந்து செருப்பு ஒன்று கதவில் வந்து மோதியது.

"நல்லாத்தான் இருக்கா" என்றார் அப்பா, தட்டைத் துடைத்தபடி. "என்ன, கை கம்பியத் தேடுதா?"

தேடத்தான் செய்தது. பூட்டுக்குள் குட்டி ஊசிகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சுருள்வில்லோடு. சரியான சாவி ஒவ்வொன்றையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கும். சாவி இல்லாதபோது கம்பியால் ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். அவசரப்பட்டு ஒன்றை அதிகமாகத் தூக்கினால் அது சிக்கிக்கொள்ளும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதை ஆசையாக விளக்குவாள்.

"பெத்தவதானே, திறந்தா என்ன?" என்றாள்.

"இயேசுவே வாசல்ல நின்னு தட்டத்தான் செய்வாரு. நீ என்ன அவருக்கும் மேலயா?"

அவள் கண்ணை மூடி, கதவில் நெற்றியை வைத்தாள். "கர்த்தாவே, என் பிள்ள..."

"இப்ப அவர்கிட்டயும் சொல்லப்போறியா?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அவருக்கு ஏற்கெனவே தெரியும்டி."

"அப்ப அதோட நிறுத்தியிருக்கலாம்ல?"

அம்மாவுக்கு அதற்குமேல் ஜெபம் ஓடவில்லை. போனை எடுத்து, பழைய குரல்செய்தியை அழித்துவிட்டு, கதவுக்குக் கேட்கிற மாதிரியே பேசினாள்: "அக்கா, எல்லாருக்கும் சொல்றேன். என் பிள்ளயப் பத்திப் போட்டத அழிச்சிட்டேன். அது அவளோட விஷயம். நான் சொன்னது தப்பு. அவகிட்ட யாரும் அதப் பத்திப் பேசாதீங்க. ஜெபிக்கணும்னா எனக்காக ஜெபிங்க. என் வாய்க்கு ஒரு பூட்டு வேணும்."

உடனே ஒரு அக்காவின் குரலில் பதில் வந்தது. "ஆமென். எந்த வாய்க்காலுக்கு பூட்டும்மா? சரியா கேக்கல."

அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். உள்ளே ஏதோ ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பா, மூக்குறிஞ்சலா, பிரித்தறிய முடியவில்லை.

அம்மாவுக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து ஒரு சின்னச் சாவியைக் கழற்றிக் கதவின் அடியில் தள்ளினாள்.

"இது என்ன?"

"உன் ரூம் சாவி."

"என்கிட்ட இருக்கிறது ஒண்ணுதான்னு சொன்ன?"

"பொய் சொன்னேன். இன்னொண்ணு வெட்டி வச்சிருந்தேன்."

சாவி தரையில் உரசி உள்ளே போனது.

"கம்பியால திறக்க உனக்குத் தெரியுமே."

"தெரியும். மாட்டேன்."

அம்மா மறுபடி கண்ணை மூடினாள். இந்த முறை உதடு அசையவில்லை. மனசு மட்டும் ஒரு இடத்தில் நிற்காமல் கெஞ்சிக்கொண்டே இருந்தது.

உள்ளே திருகுபிடி அசைந்தது. க்ளக். நாக்கு பாதி உள்வாங்கும் சத்தம், அவளுக்கு நன்றாகத் தெரியும். கதவைத் தள்ளப்போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஜெபத்துக்கு நேரமாச்சு. வரீங்களா?" என்று அப்பா கூடத்திலிருந்து கூப்பிட்டார்.

"நீங்க இங்க வாங்க" என்றாள், கதவைப் பார்த்தபடியே. "இன்னும் ஒரு சுத்து இருக்கு."