ஓடிய ஊரின் படம்

வெங்கடாசலம் ஊருக்குள் கால் வைத்தால் தெரு காலியாகிவிடும். புலியுமல்ல, போலீசுமல்ல, அவர் அம்மை குத்துபவர். சைக்கிள் மணி கேட்டதும் தாய்மார்கள் பிள்ளைகளைத் தானியக் குதிருக்குள் இறக்கி மூடிவிடுவார்கள்.

அதே சைக்கிளில், ஊசிப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு தோல் பெட்டியும் தொங்கும். அது காமிரா. ஊர் சுற்றும் உத்தியோகம் ஆயிற்றே! மார்கழிப் பனியில் மிதக்கும் கொல்லிமலை, பங்குனியில் காய்ந்த திருமணிமுத்தாறு, ஆடிக் காற்றில் தலைவிரித்தாடும் பனைகள் என்று மூன்று பருவங்களைப் பிடித்துச் சென்னை வாரப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பியிருந்தார்.

கார்த்திகையில் பதில் வந்தது. 'படங்கள் அற்புதம். ஆனால் சேலம் ஜில்லாவில் மனிதர்களே கிடையாதா? மழைக்காலப் படம் ஒன்று, ஜனங்களோடு, பத்து நாளில் வந்து சேர்ந்தால் நான்கையும் பொங்கல் மலரில் முழுப் பக்கம் போடுகிறோம். இல்லையேல் மூன்றும் திரும்பி வரும்.'

வெங்கடாசலம் காமிராவை எடுத்துப் பார்த்தார். காமிராச் சுருளில் மிச்சம் ஒரே ஒரு படம். புதுச் சுருள் வரவே பத்து நாளாகும். வானமோ மூடிக்கொண்டு நின்றதே தவிர, ஒரு சொட்டு விழவில்லை. மழைதான் இல்லை, மனிதர்களாவது கிடைக்கட்டும் என்று புதுச்சத்திரம் பக்கத்துப் பண்ணைக்காரர் செங்கோட்டையனைப் போய்ப் பார்த்தார்.

"உங்க காட்டுல கடலை பறிக்கிறவங்களப் படம் புடிக்கோணுங்க. யாரும் ஓடாமப் பாத்துக்கோங்க."

"எங்காட்டாளுக ஏனுங்க ஓடறாங்க? நானே எல்லாருக்கும் முன்னால நிக்கறேன். ஊசிப் பொட்டிய மட்டும் ஊட்டுலயே வெச்சுப்போட்டு வாங்க."

மறுநாள் அப்படியே செய்தார். மணியைக்கூட அடிக்காமல் சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்தார். நிலக்கடலைக் காட்டில் முப்பது பேர் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். செங்கோட்டையன் தலையில் புது உருமாலை கட்டி, படத்துக்கு எடுப்பாக இருக்கட்டுமென்று குடையையும் விரித்துப் பிடித்திருந்தார். வெங்கடாசலம் தோல் பெட்டியைத் திறந்து, கறுப்புக் காமிராவை வயிற்றோடு அணைத்து, அதன் மேல் கண்ணாடியில் பார்க்கத் தலையைக் குனிந்தார்.

மாரக்காள் நிமிர்ந்தாள். "அடியே ஆராயி! அம்ம குத்தறவருடி!"

"ஐயய்யோ, பொட்டியத் தொறந்துட்டாரு!"

"ஏனுங்க, இது படம் புடிக்கிற பொட்டிங்க! வலிக்காதுங்க!" என்று கத்தினார் வெங்கடாசலம்.

"போன தடவையும் வலிக்காதுன்னுதானுங்க சொன்னீங்க!" என்றாள் மாரக்காள்.

அவ்வளவுதான். கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மாரக்காள் பிடித்தாள் ஓட்டம். பின்னால் ஆராயி, அவளுக்குப் பின்னால் காடே ஓடியது. செங்கோட்டையன் சொன்ன சொல் தவறவில்லை. குடையும் கையுமாக எல்லாருக்கும் முன்னால் ஓடினார்.

பதறிய வெங்கடாசலத்தின் விரல் விசையில் பட்டுவிட்டது. 'டிக்'. கடைசிப் படமும் போயிற்று.

சேலத்து ஸ்டூடியோவில் கழுவிப் பார்த்தால் முப்பது முதுகுகள். மேகமூட்ட வெளிச்சத்தில் ஓடினால் பெட்டிக் காமிரா என்ன செய்யும்? உருவங்கள் கலைந்து, கோடு கோடாக இழுபட்டிருந்தன. போனது போகட்டும் என்று, என்ன தலைப்பு எழுதுவதென்று தெரியாமல், தலைப்பே இல்லாமல் தபாலில் சேர்த்தார்.

பொங்கல் மலர் வந்தது. முழுப் பக்கம்! நான்காவது படத்தின் கீழே கொட்டை எழுத்தில்: 'வந்தது மழை! குடியானவர்களின் குதூகல ஓட்டம்.'

வெங்கடாசலம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மலரைத் தூக்கிக்கொண்டு நேரே செங்கோட்டையன் வீட்டுக்குப் போனார். இந்தத் தடவையும் ஊசிப் பெட்டி இல்லை. சேதி பரவி, கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"மழையாமுங்க, மழை!" என்று செங்கோட்டையன் தொடையைத் தட்டினார். "எங் குடையப் பாருங்க, படத்துல எப்படி உளுந்திருக்குது!"

மாரக்காள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "எம் முதுகு மட்டுந்தான் தெரியுது. மூஞ்சி எங்கீங்க சாமி?"

வெங்கடாசலத்துக்குப் பளிச்சென்று யோசனை வந்தது.

"மூஞ்சி வேணும்னா நிக்கோணுமுங்க. திங்கக்கெழம வாரேன். கையக் காட்டறவங்களுக்கு மட்டுந்தான் படம்."

திங்கட்கிழமை மணியை ஓங்கி அடித்துக்கொண்டே வந்தார். ஒரு கதவும் சாத்தவில்லை. எப்போதும் குதிருக்குள் இறக்கும் பிள்ளைகளைத் தூக்கி வந்து வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். முதல் கை மாரக்காளுடையது. பல்லைக் கடித்துக்கொண்டு குத்திக்கொண்டாள். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க முடிந்தது.

பிறகு காமிராவை எடுத்தார். காட்டில் சூரிய வெளிச்சம், வெயிலுக்கு மினுங்கும் சோளத்தட்டு, நல்ல துணி உடுத்திய அறுபது பேர். அத்தனை பேரும் கைகளைத் தொங்கவிட்டு, மூச்சைப் பிடித்து, நட்டு வைத்த கம்பம்போல் நின்றார்கள். ஒருவர் முகத்திலும் அசைவில்லை. அந்த மழைப் படத்தின் உயிரில் கால்வாசிகூட இல்லை.

வெங்கடாசலம் கெஞ்சினார். "ஏனுங்க, கொஞ்சம் ஓடிக் காட்டுங்களேன்!"

"போங்க சாமி!" என்றாள் மாரக்காள், உதடு அசையாமல். "குத்தி முடிஞ்சிருச்சு. இனி என்னத்துக்கு ஓடறது?"