தெம்பு சொல்ல வந்தவன்

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டால் கார் வெறும் தகரப் பெட்டிதான் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் தினமும் காலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதனால், அன்று மதியம் தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து திரும்பித் தெருமுனையில் கால் வைத்ததும், தன் வீட்டு வாசலிலிருந்து என்ஜின் உறுமுகிற சத்தம் கேட்டபோது அவள் ஓடத் தொடங்கினாள்.

அவள் கணவர் அந்த ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ‘பிரேக் மாஸ்டர்’ என்று சொன்னால்தான் ஆட்களுக்குத் தெரியும். கற்றுக்கொடுக்கிற காரில், வாத்தியார் உட்காரும் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவன் தடுமாறினால் வாத்தியார் அதை மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். மாஸ்டரின் காலுக்குத் தனியாகக் கண் இருக்கிறது என்பார்கள். வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். கால் தன் வேலையைச் செய்துவிடும்.

அறுபதைத் தொடுவதற்குள் எல்லாம் தலைகீழானது. ஒருநாள், பெட்ரோல் பங்கில் தண்ணீர் குடிக்க இறங்கிய மாணவியை அங்கேயே விட்டுவிட்டுத் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, “இன்னைக்கு யாருமே வகுப்புக்கு வரல” என்று சட்டையைக் கழற்றினார். அந்தப் பெண்ணின் அப்பா வந்து வாசலில் நின்று கத்தியபோது, “எந்தப் பொண்ணு?” என்று கேட்டார். நடிப்பில்லை; நிஜமாகவே தெரியவில்லை. பரிசோதனை மேல் பரிசோதனை நடந்து, அல்சைமர் என்றார் டாக்டர். லைசென்ஸ் போனது. வகுப்பும் போனது. காரை மட்டும் அவள் விற்கவில்லை. சாயங்காலமானால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. அந்த ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்காரவைத்தால் கொஞ்சம் அடங்குவார். சாவி சட்டைப் பையில் இல்லாவிட்டால் வீடு ரெண்டாகிவிடும். அதனால் சாவியை அவரிடமே விட்டுவிட்டு வயரைக் கழற்றச் செய்திருந்தாள்.

“நோய்தான் பேசுது, அவரில்லைன்னு மனசுல வச்சுக்கோங்கம்மா” என்றார் டாக்டர். மனசில் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால், ஜன்னலைத் திறந்து, “இவ என் பணத்தைத் திருடிட்டா” என்று தெருவையே கூப்பிட்டது அவருடைய குரல். துணி அலமாரிக்குள் சிறுநீர் கழித்துவிட்டு, “நீதானே பண்ணின?” என்று அவளைக் கேட்டது அவருடைய வாய். குளிக்கக் கூப்பிட்டதற்காக அவள் கன்னத்தில் இறங்கியது நோயின் கை என்றால், அந்தக் கையில் அவள் போட்டுவிட்ட கல்யாண மோதிரம் ஏன் இருந்தது? குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, துண்டை வாயில் அழுத்திக்கொண்டு கத்தப் பழகியிருந்தாள். வெளியே வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருக்குச் சோறு ஊட்டுவாள்.

இதையெல்லாம் அவர் தம்பி பார்த்ததில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் அவன். கழுத்தில் விசில் தொங்க, அத்தி பூத்தாற்போல் வருவான். வந்தால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து தெம்பு சொல்லுவான். அதில்தான் பெரிய வேடிக்கை. விருந்தாளியைக் கண்டால் மாஸ்டர் புது மாப்பிள்ளை ஆகிவிடுவார். முப்பது வருஷத்துப் பழைய கதைகளை ஏற்ற இறக்கத்தோடு எடுத்துவிடுவார்.

“அண்ணி, இவருக்கா மறதி? எனக்கே மறந்துபோன கதையெல்லாம் சொல்றாரு!”

“நேத்து நடந்ததைக் கேட்டுப் பாருங்க தம்பி.”

“நேத்து என்ன சாப்பிட்டேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. அப்ப எனக்கும் நோயா?” என்று தொடையைத் தட்டிச் சிரிப்பான். “மனசுதான் அண்ணி எல்லாம். நீங்க நோயாளி நோயாளின்னு சொன்னா அவரு நோயாளிதான் ஆவாரு.”

அவன் போய்க் கதவு சாத்தியதும் மாஸ்டர் அவளிடம் மெல்லக் கேட்பார்: “யாரு அந்த ஆளு? நல்லாப் பேசுறான்.”

அன்றும் அப்படித்தான் திடீரென்று வந்திருக்கிறான். அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் மாஸ்டருக்குத் துணையிருப்பவர் மாடி வீட்டு அக்கா. “அண்ணன நான் பாத்துக்கறேன், நீங்க போங்க” என்று அந்த அக்காவை மேலே அனுப்பிவிட்டு, மெயின் ரோட்டிலிருந்து எவனோ ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து வயரை மாட்டியிருக்கிறான்.

அவள் ஓடிவந்தபோது மாஸ்டர் ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கையில் தம்பி.

“அண்ணி, பாருங்க! சிங்கம் மாதிரி உக்காந்திருக்காரு!”

“யாரு வயரை மாட்டினது?”

“நான்தான். காலமெல்லாம் வண்டியோட கெடந்த மனுஷன்கிட்டேருந்து வண்டியைப் பிடுங்கிட்டா, மூளை துருப்பிடிக்காம என்ன செய்யும்? ஒரே ஒரு ரவுண்டு. நான் பக்கத்துல இருக்கேன்ல.”

“தம்பி, விளையாடாதீங்க. எறங்குங்க ரெண்டு பேரும். அவருக்கு லைசென்ஸே கிடையாது.”

அவள் ஜன்னல் வழியாகச் சாவிக்குக் கையை நீட்டினாள். மாஸ்டர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். “யாரும்மா நீ? நேரமாகுது, தள்ளு” என்று கியரைப் போட்டார். வண்டி நகரத் தொடங்கியது. இன்னும் கத்தினால் அவர் ஆக்சிலேட்டரை மிதித்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். பின் கதவைத் திறந்து உள்ளே விழுந்தாள்.

தெரு முழுக்க அவர் ஓட்டியது அப்பழுக்கில்லாமல் இருந்தது. இண்டிகேட்டர் போட்டார், கண்ணாடி பார்த்தார், குறுக்கே வந்த நாய்க்கு ஒதுங்கினார். தம்பி பின்னால் திரும்பி, ‘எப்படி?’ என்பதுபோல் புருவத்தைத் தூக்கினான். ஒரு நொடி அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது: நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ? இத்தனை நாள் பட்டதையெல்லாம் ஒரு தெரு நீளத்துக்குள் சந்தேகப்பட வைத்துவிட்டானே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வண்டி மெயின் ரோட்டில் ஏறியது. எதிரே நாலு ரோடு சந்திப்பு, சிவப்பு விளக்கு. வரிக்கோடுகளில் ஆட்கள் கடந்துகொண்டிருந்தார்கள். வண்டி வேகம் குறையவில்லை. மாஸ்டர் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தம்பியின் பக்கம் வாகாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“ம்… இப்ப மெதுவா கிளட்ச்சை மிதி. கியரைக் குறை. பதறக்கூடாது.”

“அண்ணே! ஸ்டீயரிங்! ஸ்டீயரிங்கைப் பிடிங்க!”

“நீதானப்பா பிடிக்கணும். ஓட்டுறது நீ.”

தம்பி இரண்டு காலையும் இருக்கைமேல் இழுத்துக்கொண்டு அலறினான்.

“தம்பி, உங்க காலுக்குக் கீழ பிரேக் இருக்கு! மிதிங்க!”

அவன் காதில் எதுவும் ஏறவில்லை. அவள் முன்னால் பாய்ந்து அவன் தோளில் ஓங்கி அறைந்தாள். “கீழ பாருடா! மிதிடா!”

அவன் மிதித்தான். வண்டி குலுங்கி, முன்பக்கம் குனிந்து, செத்து நின்றது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போன ஒரு பெண்ணுக்கும் காருக்கும் நடுவில் ஒரு கை இடைவெளிதான் இருந்தது. அந்தப் பெண் உள்ளங்கையால் பானெட்டில் அடித்தாள். “கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?”

மாஸ்டர் நிதானமாக ஜன்னலை இறக்கினார். “மன்னிச்சுக்கோங்கம்மா. பையன் புதுசு.” பிறகு தம்பியின் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். “பயப்படாதே. முதல் நாள் எல்லாருக்கும் இப்படித்தான்.”

வண்டியைத் திருப்பி ஓட்டிவந்தது தம்பிதான். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பழைய மெக்கானிக்கைக் கூப்பிட்டு பேட்டரியையே கழற்றிக்கொண்டு போகச் சொன்னாள் அவள். தம்பி கூடத்தில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

“அண்ணி, இது உங்களால ஆகாது. நல்ல விடுதியாப் பாத்துச் சேத்துடலாம். நான் விசாரிக்கிறேன்.”

அவள் கைப்பையைக்கூட இன்னும் தோளிலிருந்து இறக்கியிருக்கவில்லை.

“காலைல நோயே இல்ல. மத்தியானம் விடுதியா? நடுவுல என்ன தம்பி ஆச்சு? உங்க உயிர் போகப் பாத்துச்சு. அவ்வளவுதானே?”

“இல்ல அண்ணி, நான் என்ன சொல்ல வந்தேன்னா…”

“நீங்க சொன்னது போதும். சொல்லிச் சொல்லியே என்னைக் கொன்னுட்டீங்க. நான் போன் பண்ணா ‘தைரியமா இருங்க’. அழுதா ‘யோகா பண்ணுங்க’. அப்புறம் உங்க சொந்தக்காரங்ககிட்டயெல்லாம் போய், ‘அண்ணிதான் அவரை முடக்கி வச்சிருக்கா’ன்னு சொல்லியிருக்கீங்க. என் காதுக்கு வராதுன்னு நெனச்சீங்களா? அந்தப் பொம்பள தள்ளிட்டுப் போனாளே, அந்தக் குழந்தைமேல ஏறியிருந்தா யாரு தம்பி பதில் சொல்றது? உங்க தெம்பா வந்து சொல்லும்?”

அவன் தலை குனிந்தான். அவள் விடவில்லை.

“விடுதி வேணுமா வேண்டாமான்னு அப்புறம் பேசுவோம். எனக்கும் அந்த யோசனை இல்லாம இல்ல. ஆனா அதைப் பேசுற வாய் முதல்ல ஒருநாள் அவரைக் குளிப்பாட்டிட்டு வரட்டும். சனிக்கிழமை வாங்க.”

“நானா?”

“ஏன்? நான் வந்தவ. நீங்க கூடப் பொறந்தவரு.”

உள்ளறை வாசலில் மாஸ்டர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். உதடு பிதுங்கிக்கொண்டிருந்தது. அவள் அப்படியே வாயை மூடிக்கொண்டாள். ஒரு கோபத்தைக்கூட முழுசாகப் பட்டு முடிக்க விடாத வீடு என்று நினைத்தாள். அந்த நினைப்பு பட்ட கோபத்தைவிட அதிகமாக எரிந்தது.

சனிக்கிழமை அவன் வந்தான். விளையாட்டுக்காரன் உடம்பு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

“என்னென்ன செய்யணும் அண்ணி?”

“குளிக்க வைங்க, உடுத்தி விடுங்க, சாப்பிட வைங்க. அவ்வளவுதான். மனசு வச்சா முடியும்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

எங்கே போவது என்று தெரியவில்லை. வேலையும் மருந்துக் கடையும் தவிர வேறெங்கும் போய்ப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையின் மூலை மேசையில் போய் உட்கார்ந்தாள். டீ வந்தது. போன் அடித்தது; கொழுந்தன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. போனைக் கவிழ்த்துவைத்தாள். குற்ற உணர்ச்சி வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. இன்னொரு டீ சொன்னாள். சூடு ஆறுவதற்குள் ஒரு டீயைக் குடித்து முடிப்பது எவ்வளவு பெரிய சுகம் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு மறுபடி தெரிந்தது.

அவள் திரும்பி வந்தபோது மெத்தை நனைந்து சுவரில் சாத்தியிருந்தது. கூடத்துத் தரையில் தம்பி காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, விசில் கயிறு அறுந்திருந்தது, முன்னங்கையில் வரிசையாகப் பல் தடம். சோபாவில் மாஸ்டர், சட்டையின் உள்பக்கத்தை வெளியே போட்டுக்கொண்டு, தலை வாரி, பளிச்சென்று இருந்தார். அவளைக் கண்டதும் தம்பியைக் கைகாட்டிப் புகார் சொன்னார்: “இந்த ஆளை இனிமே உள்ள விடாதே. ரௌடிப்பய. தண்ணியை ஊத்தி என்னைக் கொல்லப் பாக்குறான்.”

தம்பி நிமிர்ந்து பார்த்தான். கண் சிவந்திருந்தது. “தினமும் இப்படியா அண்ணி?”

“இல்ல தம்பி. இன்னைக்கு நல்ல நாள்.”

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். “என்னை யாருன்னு கேட்டாரு அண்ணி. நான் உன் தம்பின்னு சொன்னேன். எனக்குத் தம்பியே கிடையாதுங்கறாரு.” அவள் ஒரு துண்டை எடுத்து அவன் பக்கம் போட்டாள். ஆறுதல் சொல்லவில்லை. அழட்டும் என்று இருந்தது. அழுதாவது தெரிந்துகொள்ளட்டும்.

மூக்கைச் சிந்திவிட்டு அவன் கேட்டான்: “இவ்வளவு மோசம்னு ஏன் அண்ணி முன்னாடியே சொல்லல?”

அவள் தரையில் கிடந்த டம்ளரை எடுத்து அடுப்படித் தொட்டியில் வீசினாள். அது பாத்திரங்களில் மோதி வீடே அதிர்ந்தது. மாஸ்டர் திடுக்கிட்டார்.

“சொல்லலையா? உங்க வீட்டுக் கூடத்துல உக்காந்து சொன்னேன். கன்னத்துல விரல் தடத்தோட வந்து சொன்னேன். நீங்க டிவி சத்தத்தைக்கூடக் குறைக்கல.”

அவனுக்கு ஞாபகம் வந்தது என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அந்த வீட்டில் ஞாபகம் வருகிறவர்களுக்குத்தான் தண்டனை.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவன் வருகிறான். சில வாரம், “பள்ளிக்கூடத்துல போட்டி இருக்கு அண்ணி” என்று போனில் இழுப்பான். “வாங்க” என்று மட்டும் சொல்லி அவள் வைத்துவிடுவாள். வந்துவிடுவான். முதுகுக்குப் பின்னாலிருந்து தண்ணீர் ஊற்றக்கூடாது, காலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவனாகவே கண்டுபிடித்திருக்கிறான். விடுதி விசாரிப்பதையும் விடவில்லை. ஆனால் இப்போது அவளையும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிறான், கழிப்பறையை முதலில் திறந்து பார்க்கிறான். ஒருநாள் தூரத்துச் சித்தி ஒருத்தியிடம், “நீங்க வந்து ஒரு வேளை பாத்துட்டு அப்புறம் பேசுங்க” என்று அவன் போனில் கத்தியது அடுப்படி வரை கேட்டது.

மன்னிப்பும் கேட்டான். அவள், “சரி” என்றாள். மன்னித்தாளா என்றால், இல்லை. அதற்கு உட்கார்ந்து யோசிக்க வேண்டும். யோசிக்க நேரம் வேண்டும். கிடைக்கிற அந்தச் சனிக்கிழமைக் காலையை அவள் அதற்குக் கொடுப்பதாக இல்லை. அவன் வந்து செருப்பைக் கழற்றியதும் மாடி வீட்டு அக்காவின் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் படுத்துவிடுவாள். கீழே மாஸ்டர் தம்பியைத் திட்டுகிற சத்தம் கேட்கும். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு தூங்கிவிடுவாள்.