இடதுபக்க முன்சீட்டு

கல்யாணராமனுக்கு ஒரு வியாதி இருந்தது. எந்தக் கடையிலாவது ஒரு வாய் காபி கொடுத்துவிட்டால் போதும், அங்கிருந்து வெறுங்கையோடு வெளியே வர அவரால் முடியாது. குடித்த காபிக்கு மரியாதை செய்ய வேண்டாமா? இப்படி மரியாதை செய்து செய்து, அபிராமபுரத்துத் தரைத்தள ஃப்ளாட்டில் இரண்டு தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரங்கள் எதிரெதிரே தொங்கிக்கொண்டு ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. கால் அமுக்கும் இயந்திரம் ஒன்றும் உண்டு. அதில் யாரும் காலை வைத்ததில்லை. ஏனென்றால் அதன் பிளாஸ்டிக் கவரை அவர் இன்னும் பிரிக்கவில்லை.

அது இரண்டாவது வியாதி. அந்த வீட்டில் டிவி ரிமோட் கவருக்குள் இருந்தது. சோபா கவருக்குள் இருந்தது. மைக்ரோவேவ் கதவில் ஒட்டியிருந்த மெல்லிய தாள் ஒன்பது வருஷமாக அப்படியே இருந்தது. அவர் மனைவி நீரஜா, பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், இதைப் பற்றி ஒருநாள் சொன்னார்:

"முப்பது வருஷமா இந்த ஆத்துல எதுவுமே பழசாகலை. கவர் போடாம இருந்தது நான் ஒருத்திதான். பாருங்கோ, இடுப்பு போயிடுத்து."

போய்த்தான் விட்டது. இடது இடுப்பு மூட்டை மாற்றி எட்டு மாசம் ஆகியிருந்தது. வீட்டுக்குள் கைத்தடியோடு நன்றாகவே நடந்தார். வெளியே போவதுதான் பெரிய பாடு. இருந்த பழைய காரின் சீட்டு பள்ளத்தில் இருந்தது. டாக்டர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல உக்காந்தா மறுபடி எங்கிட்டதான் வரணும்" என்றார். கார் போயிற்று. மிஞ்சியது தெருமுனை வேலுவின் ஆட்டோ. வேலு நல்ல மனிதர். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் கல்யாணராமன், "ஒன், டூ, த்ரீ" என்று எண்ணி நீரஜாவை ஆட்டோவுக்குள் தூக்கி வைப்பார்கள். தெருவே நின்று பார்க்கும். இரண்டு தடவை பொறுத்துக்கொண்ட நீரஜா மூன்றாவது தடவை சொல்லிவிட்டார்.

"நான் என்ன பீரோவா? தூக்கிண்டு போற எடத்துக்கு இனிமே நான் வரலை."

டாக்டரைத் தவிர வேறு எங்கும் போகவில்லை. இதில் நேரடியாக அடி வாங்கியது வீட்டுச் சமையல்தான். காய்கறி வாங்குவது கல்யாணராமன் பொறுப்பாயிற்று. வெண்டைக்காய் பெரிதாக இருந்தால் நல்லது என்று அவர் நம்பினார். எட்டு மாசமாக அந்த வீட்டில் வெண்டைக்காய்க் கறி என்ற பெயரில் தேங்காய் நார் பரிமாறப்பட்டது. நீரஜா மென்றார், மென்றார், ஒருநாள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"எனக்குப் பெரிய ஆசையெல்லாம் ஒண்ணும் இல்லை. தெற்கு மாட வீதியில நானே எறங்கி, நானே நுனிய ஒடிச்சுப் பாத்து, அரைக்கிலோ வெண்டைக்காய் வாங்கணும். யாரும் கை குடுக்கப்படாது. அவ்வளவுதான்."

அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. கார் வாங்குவது என்று கல்யாணராமன் அப்போதே முடிவு செய்துவிட்டார். அதற்காக மட்டும் இன்னும் சில தடவை 'ஒன், டூ, த்ரீ'க்கு நீரஜா சம்மதித்தார்.

தி. நகர் பக்கம் ஒரு ஷோரூம். கண்ணாடி மாளிகை. வாசலில் ஆறு படி, கைப்பிடி இல்லை. வேலுவின் ஆட்டோவில் நீரஜா கீழேயே உட்கார்ந்திருக்க, கல்யாணராமன் மட்டும் ஏறினார். கிரீஷ் என்ற இளைஞர் கை கொடுத்தார். கையோடு காபியும் கொடுத்தார். கல்யாணராமனுக்கு அப்போதே உள்ளுக்குள் ஒரு மணி அடித்தது. ஆனால் காபி சூடாக இருந்தது.

"சார், இதுல சன்ரூஃப் இருக்கு. வாய்ஸ் கமாண்ட். நீங்க சொன்னா தொறக்கும்."

"வீட்லயே நான் சொல்லி எதுவும் தொறக்கறதில்லைப்பா. என் மனைவிக்கு இடுப்பு ஆபரேஷன். சீட்டு உயரம்..."

"சீட்டு வெண்டிலேட்டட் சார். கீழேர்ந்து காத்து வரும்."

"காத்து வரட்டும். அவ ஏறணுமே?"

"மேடம் கீழயே ரெஸ்ட் எடுக்கட்டும் சார். நான் வீடியோ எடுத்து வாட்ஸப் பண்ணிடறேன், மேடம் அங்கேர்ந்தே பாத்துக்கலாம். நம்பர் சொல்லுங்க."

நம்பரைச் சொன்னார். கிரீஷ் புக்கிங் படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். பாவம், கெட்ட பிள்ளை இல்லை. ஒப்பிக்கச் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தார். காரில் உட்காரப் போகிறவரைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்யாணராமன் வயிற்றில் காபி, கையில் பேனா. 'கல்' வரைக்கும் எழுதிவிட்டார். அப்போது வேலு படியேறி வந்து கண்ணாடிக் கதவைத் தள்ளினார்.

"சார், அம்மா ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாங்க. காபி குட்ச்சிருந்தீங்கன்னா ஒடனே வந்துடணுமாம். கையெழுத்து போடக்கூடாதாம்."

வந்துவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் கிரீஷின் ஷோரூமிலிருந்து பதினோரு அழைப்புகள். எல்லாம் சன்ரூஃப் பற்றி.

மறுநாள் அடையாறில் இன்னொரு ஷோரூம். ஆட்டோ நின்றதுமே உள்ளே இருந்து ஒரு பெண் வேகமாக வெளியே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கம்பெனி கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, அதில் தேவானை என்ற பெயர். கல்யாணராமனுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு நேரே ஆட்டோ பக்கம் போய்க் குனிந்தார்.

"வணக்கம் மேடம். வெல்கம்." பிறகு கைத்தடியைப் பார்த்தார். கம்பெனித் தமிழ் அங்கேயே கழன்று விழுந்தது. "இன்னாமா, ஆபரேஷனா? எந்தப் பக்கம்?"

கல்யாணராமன் அசந்துபோனார். எட்டு மாசத்தில் எத்தனையோ பேர் எப்படி ஆச்சு, எவ்வளவு ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டிருக்கிறார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டது டாக்டருக்கு அடுத்து இவர்தான்.

"இடது" என்றார் கல்யாணராமன். "அவளுக்கு என்ன வேணும்னா..."

"சார், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? பக்கத்துல நல்ல டிகிரி காபி கடை கீது. நீங்க ஒண்ணு சாப்ட்டு வாங்க. உக்காரப் போறது அம்மாதானே? நான் அவங்களாண்ட கேட்டுக்கறேன்."

"காபி குடிச்சா நான் வாங்கிடுவேன்மா" என்றார் கல்யாணராமன் உண்மையாக.

"உங்க காசுல குடிங்க சார். அப்போ ஒண்ணும் ஆகாது."

முப்பது வருஷமாகத் தனக்குத் தோன்றாத மருந்து இது என்று வியந்துகொண்டே அவர் காபிக் கடைக்கு நடந்தார். திரும்பி வந்தபோது நீரஜா சரிவுப் பாதை வழியாக உள்ளே போய், ஒரு நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். தேவானை தரையில் மண்டியிட்டு, தையல்காரர் டேப்பால் நீரஜாவின் பாதத்திலிருந்து முட்டி வரைக்கும் அளந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். கோட்டைக் கழற்றி எங்கோ போட்டிருந்தார்.

கல்யாணராமன் அந்த ஷோரூமிலேயே பெரிய வண்டியைக் காட்டினார். "அது நன்னா உயரமா இருக்கே?"

"அதுல ஏற அம்மாவுக்கு ஏணி வைக்கணும் சார். தூக்கி வுட வேண்டியதா பூடும். வேணாம்."

"விலை ஜாஸ்தியான வண்டிய வேணாம்னு சொல்ற சேல்ஸ்காராளை இப்பத்தான் பாக்கறேன்" என்றார் நீரஜா.

"இன்னிக்கு வித்துட்டு நாளைக்கு உங்க வாய்ல வுழறதுக்கு வேணாம்னே சொல்லிடலாம்மா."

கடைசியில், அதிகம் உயரமும் இல்லாத, பள்ளமும் இல்லாத ஒரு நடுத்தர வண்டி முன்னால் நீரஜாவைத் தேவானை கொண்டுபோய் நிறுத்தினார். முன்சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளினார். துணிக்கடை பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கத்தரித்து விரித்து சீட்டின் மேல் போட்டார்.

"திரும்பி நின்னுக்கோங்க. மொதல்ல உக்காருங்க, கால அப்பால பாத்துக்கலாம். ஹாங். இப்போ அப்படியே ஒடம்போட திரும்புங்க. கவர் வழுக்கும், இடுப்பு முறுக்காது."

நீரஜா திரும்பினார். சர்ரென்று ஒரு சத்தம். அவர் காருக்குள் இருந்தார். யாரும் தொடவில்லை.

"உராய்வு!" என்றார் நீரஜா, வகுப்பில் சரியான பதில் சொன்ன பிள்ளையைப் பார்க்கிற முகத்தோடு. "முப்பத்தொரு வருஷம் உராய்வு நடத்தியிருக்கேன். எனக்குத் தோணலையே! யார் சொல்லிக்குடுத்தா உனக்கு?"

தேவானை நோட்டைக் காட்டினார். வண்டி விற்று ஆறு மாசம் கழித்து ஒவ்வொரு வாடிக்கையாளரையும் அவர் கூப்பிடுவாராம். நல்லா இருக்கா என்று கேட்க மாட்டாராம். "இன்னா கஷ்டமா கீது, அத்த மட்டும் சொல்லுங்க" என்பாராம். சொன்னது எல்லாம் அந்த நோட்டில். கவர் யோசனை, ராயப்பேட்டையில் பிசியோதெரபி பார்க்கும் அஸ்மத்துன்னிசா சொன்னது.

தேவானை அதோடு விடவில்லை. மறுநாள் அதே வண்டியை அபிராமபுரத்துக்கே கொண்டுவந்தார். வாசலில் மழைத் தண்ணீர் ஓடுவதற்காகச் சிமெண்ட் சரிவு போட்டிருந்தது. வண்டி அங்கே நின்றால் ஒரு பக்கம் சாய்ந்து, சீட்டு நான்கு விரல் இறங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்தார். நிறுத்த வேண்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "இந்தக் கோட்டுல வேற வண்டி வுட்டீங்கன்னா நான் வந்து நிப்பேன் நைனா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். வாட்ச்மேன் பெயிண்ட் வாங்கி அந்தக் கோட்டை நிரந்தரமாக்கினார்.

வெள்ளிக்கிழமை டெலிவரி. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் கிளம்பிவிட வேண்டும். ஒன்பது மணிக்கே கல்யாணராமன் தனியாக ஷோரூமுக்குப் போய்விட்டார். மனைவிக்கு ஓர் ஆச்சரியம் கொடுக்க வேண்டும் என்று இரவெல்லாம் யோசித்திருந்தார். புது வண்டியின் கதவைத் திறந்தார். நான்கு சீட்டுகளும் கம்பெனி கவருக்குள் பளபளத்தன. நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, சர் சர்ரென்று அத்தனை கவரையும் கழற்றினார். எடுத்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது. அன்புக்காக ஒரு மனிதன் இதைவிட என்ன தியாகம் செய்ய முடியும்?

ஒன்பதே முக்காலுக்கு வேலுவின் ஆட்டோ நீரஜாவைக் கொண்டுவந்து இறக்கியது. மாலை, குங்குமம், சக்கரத்துக்கு நான்கு எலுமிச்சை எல்லாம் தயார். நீரஜா கதவருகே போய்த் திரும்பி நின்றார். உட்கார்ந்தார். உடம்போடு திரும்ப முயன்றார்.

திரும்ப முடியவில்லை. புதுத் துணி சீட்டு புடவையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. இன்னொரு தடவை முயன்றார். முகம் சுளித்தது. வேலு பழக்கத்தில் ஓர் அடி முன்னால் வந்தார்.

"தூக்காதேள்" என்றார் நீரஜா. மெதுவாகத்தான் சொன்னார். அந்தக் குரலைக் கல்யாணராமன் ஜன்னலோரத்தில் கேட்டிருக்கிறார்.

தேவானை சீட்டைப் பார்த்தார். "கவர் எங்க? ஏம்மா, இந்த சீட்டு கவர மட்டும் கிழிக்காதீங்கன்னு சொன்னேனே?"

"எங்கிட்ட சொன்னே. நான் தொடலை." நீரஜா கணவரைப் பார்த்தார். இயற்பியல் டீச்சரின் பார்வை அது. லென்ஸை உடைத்தவனை ஒரே நொடியில் கண்டுபிடிக்கும். "நீங்களா? ரிமோட்டுக்குக் கூட கழட்டாத மனுஷன், இன்னிக்குன்னு பாத்தா?"

"ஒனக்காகத்தான்... சந்தோஷப்படுவேன்னு..." கல்யாணராமன் இழுத்தார்.

பத்து மணி தாண்டியிருந்தது. தேவானை அவரைத் திட்டவில்லை. நோட்டை எடுத்தார். "தப்பு என்னுதுமா. அம்மாவாண்ட சொன்னேன், சார காபிக்கு அனுப்பிட்டேன். சாராண்டயும் சொல்லியிருக்கணும்." நின்றபடியே எழுதினார். "இருங்க, உள்ள எங்கனா பழைய கவர் கீதா பாக்கறேன்."

"வேண்டாம்மா" என்றார் கல்யாணராமன். வெட்கத்தோடு தன் மஞ்சப்பையைத் திறந்தார். கழற்றின கவர் நான்கும், இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி நான்காக மடித்து, ரப்பர் பேண்டு போட்டு, உள்ளே இருந்தன. "கழட்டினேன். எறிய மனசு வரலை. எதுக்காவது ஆகுமேன்னு..."

வேலுதான் முதலில் சிரித்தார். அப்புறம் தேவானை. நீரஜா உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

கவரை விரித்தார்கள். நீரஜா உட்கார்ந்தார். சர்ரென்று திரும்பினார். பெல்ட்டை அவரே போட்டுக்கொண்டார். பத்து பதினெட்டுக்கு எலுமிச்சைகள் நசுங்கின.

வண்டி கிளம்பும்போது, தேவானை எழுதியதைக் கல்யாணராமன் ஓரக்கண்ணால் பார்த்தார். 'கவர் விஷயம் வீட்டுக்காரரிடமும் சொல்லணும். கல்யாணராமன் சார், அபிராமபுரம்.' இனிமேல் யாரோ ஒரு வீட்டில் யாரோ ஓர் அம்மா தன் காலில் வண்டி ஏறினால், அதில் தன் அசட்டுத்தனத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

"முதல்ல பிள்ளையார் கோவில்தானே?" என்றார்.

"பிள்ளையார் எங்கேயும் போயிட மாட்டார். வெண்டைக்காய் பதினொரு மணிக்கு மேல வாடிடும்."

தெற்கு மாட வீதியில் வேலு முன்னாலேயே போய், தன் ஆட்டோவைக் குறுக்கே போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். ஆட்டோ நகர்ந்தது, கார் நுழைந்தது. பின்னால் இருபது ஹாரன்கள். கல்யாணராமன் இறங்கி ஓடிவந்து கதவைத் திறந்தார். கை தானாக நீண்டது. அதை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இன்னா சார், ஒன் டூ த்ரீ வேணாமா?" என்றார் வேலு.

"சும்மா இருய்யா."

சர்ரென்ற சத்தம். முதலில் கைத்தடி வெளியே வந்தது. பிறகு ஒரு கால், இன்னொரு கால். நீரஜா நின்றார். புடவையைச் சரிசெய்துகொண்டார். தள்ளுவண்டிக் குவியலுக்கு நான்கு அடி நடந்து, ஒரு வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்தார். டப்.

"இதைத்தான் வாங்கணும்" என்றார், திரும்பிப் பார்க்காமல். "பையைப் பிடியுங்கோ."

கல்யாணராமன் பையைப் பிடித்தார். சட்டைப்பையில் கைபேசி அடித்தது. கிரீஷின் ஷோரூம். பன்னிரண்டாவது அழைப்பு. எடுக்காமல் விட்டார். நீரஜா இரண்டாவது வெண்டைக்காயை ஒடித்துக்கொண்டிருந்தார்.