நூறும் ஐம்பதும்

அண்ணியின் இரத்தப் பரிசோதனை முடிவு இந்த முறையும் ஏறித்தான் வந்தது. முதலில் மூன்று புள்ளி ஆறு. அடுத்தது ஏழு புள்ளி இரண்டு. இப்போது ஒன்பது புள்ளி எட்டு.

அண்ணி பவானேஸ்வரிக்குத் தைராய்டு சுரப்பி மந்தமாக வேலை செய்கிறது. தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும். தாளில் டி.எஸ்.எச். என்று போட்டிருக்கும் எண் இரண்டரைக்குக் கீழே இறங்கிய பிறகுதான் மறுபடியும் குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று ஜாசினில் உள்ள கிளினிக்கில் டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணிக்கு முப்பத்தாறு வயது. போன வருடம் உண்டான கரு மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் காத்திருந்தது இந்த எண் இறங்குவதற்காகத்தான்.

நான் பகலில் செலண்டாரில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறேன். மாலையில் ஜாசினுக்குப் போய்க் கணக்கியல் வகுப்பில் உட்காருகிறேன். வீட்டில் ஆங்கிலம் தடுமாறாமல் படிக்கிறவள் நான் என்பதால் கிளினிக் தாள்கள் எல்லாம் என்னிடம் வரும். படித்தால் புரிந்துவிடும் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. டி.எஸ்.எச். தைராய்டிலிருந்து வருவதில்லை, மூளைக்கு அடியில் இருக்கும் இன்னொரு சுரப்பி தைராய்டை வேலை வாங்குவதற்காக அனுப்புவது என்று விளங்கவே எனக்கு வெகுநாள் பிடித்தது. தைராய்டு மந்தமானால் அது கூடும். மாத்திரை போதுமான அளவு உள்ளே போனால் குறையும். ஆக, அண்ணியின் எண் ஏறுகிறது என்றால் மாத்திரை போதவில்லை, அல்லது போய்ச் சேரவில்லை. எனக்கே சந்தேகமாக இருந்ததால் இதைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதி டாக்டரிடம் காட்டினேன். சரி என்றார்.

நூறு மைக்ரோகிராம் மாத்திரைக்கு இந்த எண் பொருந்தவில்லை என்றும் அவர் சொன்னார். அளவை ஏற்றுவதற்கு முன்னால் அண்ணி மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று வீட்டில் கவனிக்க வேண்டுமாம். அடுத்த முறையும் ஏறினால் மலாக்காவுக்கு, பெரிய மருத்துவரிடம் போக எழுதிக் கொடுப்பார். குழந்தைப் பேச்சை அதுவரை தள்ளிப்போட வேண்டும்.

அண்ணன் கணேஸ்வரன் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். மனைவியிடம் நேராகக் கேட்க அவனுக்குத் தைரியமில்லை. என்னைக் கேட்கச் சொன்னான்.

அண்ணி சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். காப்பியோடு சேர்த்துப் போடுகிறாரா, இரும்புச்சத்து மாத்திரையையும் அதே நேரத்தில் விழுங்குகிறாரா, ஷிப்ட் மாறும் நாளில் மறந்துவிடுகிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். அடுத்த கேள்வியை நான் தொடங்குவதற்குள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“நாக்குக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கேனான்னு பாக்கணுமா? இந்தா, பாரு லா.” வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். “போட்டோ எடுத்து ஒங்க அண்ணனுக்கும் அனுப்பு.”

அந்த வாரம் முழுக்க அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை.

உண்மையில் அண்ணி மாத்திரை போடுவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அவருடைய ஃபேக்டரி வேன் விடிவதற்கு முன்பே வந்துவிடும். அதற்கும் முன்னால் அம்மா எழுந்து, குளித்து, சாமி விளக்கை ஏற்றி, மேசையில் இரண்டு சின்ன எவர்சில்வர் தட்டுகளை வைப்பார். ஒன்று அண்ணிக்கு, ஒன்று அம்மாவுக்கு. அம்மாவுக்கும் இதே நோய்தான். நூறு தேவைப்படாது, ஐம்பது போதும். பல வருடமாக அந்த ஐம்பதில் அவருடைய எண் இரண்டை ஒட்டியே இருந்தது. அண்ணிக்குக் கரு கலைந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவருடைய சாப்பாடு, எண்ணெய்க் குளியல், மாத்திரை எல்லாவற்றையும் அம்மாவே தன் கையில் எடுத்துக்கொண்டார். அண்ணி தூக்கக் கலக்கத்தோடு வந்து தன் தட்டில் இருப்பதை எடுத்துப் போட்டுக்கொண்டு, வெறும் தண்ணீர் குடிப்பார்.

இதற்கிடையில் அம்மா மெலிந்துகொண்டே வந்தார். ஜாக்கெட்டுகளைப் பிடித்துத் தைத்துக்கொண்டார். எதிர்வீட்டு ராஜம்மா அக்கா வேலியோரம் நின்று, “என்னா ஜெயமணி, எந்த டீ குடிக்கிற? எனக்கும் ஒரு பாக்கெட்டு வாங்கிக் குடேன்” என்று கேட்டதில் அம்மாவுக்குப் பெருமைதான். ஆனால் விளக்கேற்றும்போது தீக்குச்சி நடுங்குவதைப் பார்த்தேன். பாசாரில் காய்கறிப் பையோடு நாலு கடை நடப்பதற்குள் நெஞ்சு படபடக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் எடுக்கும் இரத்தப் பரிசோதனை தள்ளிப்போயிருந்தது. கடையில் லீவு சொல்லிவிட்டு அழைத்துப் போனேன்.

முடிவை நான்தான் வாங்கி வந்தேன். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஆறு. கவுண்டரில் இருந்த தாதி அதைப் பார்த்துவிட்டு, அம்மா மாத்திரையைக் கூடுதலாகப் போடுகிறாரா என்று மலாயில் கேட்டார். ஒரு நாளைக்கு ஒன்றுதான் என்றேன். செவ்வாய்க்கிழமை டாக்டரை அவசியம் பார்க்கும்படி சொன்னார்.

அன்று வகுப்பு இல்லை. இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அண்ணியின் உடம்புக்கு மருந்து போய்ச் சேரவில்லை. அம்மாவின் உடம்பில் மருந்து மிதமிஞ்சி இருக்கிறது. ஓர் இடத்தில் குறைந்தால் இன்னோர் இடத்தில் கூடியிருக்க வேண்டும் என்று வகுப்பில் படித்துக்கொண்டிருந்ததால்தான் எனக்கு அப்படித் தோன்றியதோ என்னவோ. இரண்டு மாத்திரைகளும் வெள்ளை. இரண்டும் உளுந்தைவிடச் சற்றுப் பெரியவை. வயதானவர், இருட்டில் அட்டையை மாற்றி எடுத்திருக்கலாம். அதை வைத்து எதையும் சொல்ல எனக்கு மனமில்லை. முதலில் பார்த்துவிடுவோம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அம்மா விளக்கேற்றும்போதே எழுந்து வந்து, தண்ணீர் குடிப்பதுபோல் நின்றேன். அம்மா விளக்கு வெளிச்சத்தில் அட்டைகளைத் திருப்பி, அச்சடித்த எண்ணைப் பார்த்தார். நூறு அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கித் தன் தட்டில் வைத்தார். ஐம்பது அட்டையிலிருந்து பிதுக்கியதை அண்ணியின் தட்டில் வைத்தார்.

“அம்மா, அது அண்ணியோட மாத்திரை.”

“தெரியும்” என்றார். அட்டைகளைப் பெட்டிக்குள் அடுக்கிய பிறகுதான் திரும்பினார். “அம்பது போட்டுக்கிட்டிருந்தப்ப அவ நல்லாத்தானே இருந்தா. நூறா ஏத்துனாங்க, அந்தப் புள்ள தங்கல. மருந்து சூடு. அந்தச் சூட்டுல எப்படித் தங்கும்?”

மாத்திரையைத் தூக்கிப் போடவும் அவருக்கு மனம் வரவில்லை. மிச்சமாகச் சேர்ந்தால் கிளினிக்கில் கேள்வி வரும். தனக்கு இனிமேல் பிள்ளை பெறுகிற வேலை இல்லாததால் அந்தச் சூடு தன்னை ஒன்றும் செய்யாது என்று, நூறைத் தானே போட்டுக்கொண்டிருக்கிறார். இதையெல்லாம் அவர் சமையல் சொல்கிற மாதிரி சொன்னார். அடுத்ததையும் அதே குரலில்தான் சொன்னார்.

“அம்பதுலயே நம்பரு இந்த ஏறு ஏறுதே. பாதியா ஒடைச்சுக் குடுக்கலாமான்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

அப்போதுதான் புரிந்தது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த எண்கள் சர்க்கரையும் பிரஷரும். அவற்றில் ஏறினால் ஏதோ அதிகம் என்று அர்த்தம். அம்மா இந்தத் தாளையும் அப்படியே பார்த்திருக்கிறார். பென்சிலால் எழுதி டாக்டரிடம் காட்டிய நான் அதை அம்மாவிடம் சொன்னதில்லை. ஏறியிருக்கிறது, ஏறியிருக்கிறது என்று மட்டும் படித்துக் காட்டியிருக்கிறேன்.

அம்மா நியாலாஸ் பக்கம் ரப்பர் தோட்டத்தில், மண்டோர் என்ற மேற்பார்வையாளருக்குக் கீழே பால்மரம் வெட்டியவர். “நீங்க மரம் வெட்டுனப்ப மண்டோரு எப்பம்மா ரொம்பக் கத்துவாரு?” என்று கேட்டேன்.

“ஆளுங்க மெதுவா செஞ்சா கத்துவான். வேல ஓடுனா அவன் பாட்டுக்கு நிப்பான்.”

“இந்த நம்பரு மருந்தோட கணக்கு இல்லம்மா. மண்டோரோட சத்தம். அண்ணிக்கு உள்ள வேல நடக்கல, அதான் கத்திக்கிட்டே இருக்காரு. ஏறுனா மருந்து பத்தலன்னு அர்த்தம்.”

அம்மா தன் தட்டைப் பார்த்தார். “அப்ப எனக்கு?”

“பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஆறு.”

“மண்டோரு வீட்டுக்கே போயிட்டானா?”

கரு கலைந்ததற்கு மாத்திரை காரணமில்லை, போதாமல் இருப்பதுதான் ஆபத்து என்று டாக்டர் சொன்னதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். அப்படியானால் ஏன் கலைந்தது என்று கேட்டார். டாக்டருக்கே உறுதியாகத் தெரியவில்லை என்றேன். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எனக்கும் போதவில்லை.

ஈரத் தலையில் துண்டோடு அண்ணி வாசற்படியில் நின்றிருந்தார். எப்போதிலிருந்து நின்றார் என்று தெரியாது. மேசைக்கு வந்து, இரண்டு மாத்திரைகளையும் தட்டு மாற்றி வைத்தார். நூறை எடுத்து விழுங்கித் தண்ணீர் குடித்தார். அம்மாவின் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

“நான் வேற ஒண்ணு நெனச்சுக்கிட்டிருந்தேன், அத்தை” என்றார். குரல் உயரவில்லை. “கோயில்ல அன்னதானத்தன்னிக்கு அண்டாவத் தூக்கச் சொன்னீங்கல்ல. அதனாலதான் போச்சுன்னு நெனச்சேன். இத்தன நாளா.”

வெளியே வேன் ஹார்ன் அடித்தது. அண்ணி துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா தன் மாத்திரையைத் தொடவில்லை. நான் கடைக்குக் கிளம்பும்போது, “அந்த அண்டாவுல பாதிதான் சாம்பார் இருந்துச்சு” என்றார். என்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் யாரையும் திட்டவில்லை. அவரவர் மாத்திரையை அவரவர் போட வேண்டும், ஆறு வாரம் கழித்து இருவரும் வந்து இரத்தம் கொடுக்க வேண்டும் என்றார். அண்ணன் சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று என இரண்டு மாத்திரை டப்பாக்கள் வாங்கி வந்தான். அண்ணியிடம் என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது. அம்மா தட்டு வைப்பதை நிறுத்திவிட்டார். இரண்டு கிளாஸ் தண்ணீர் மட்டும் வைப்பார். அண்ணியும் அம்மாவும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். அம்மாவின் கை நடுக்கம் மெல்லக் குறைந்தது. ஜாக்கெட்டில் பிடித்திருந்த தையலைப் பிரித்தார்.

முடிவு வந்த அன்று அண்ணியும் நானும் சேர்ந்து போனோம். தன் தாளை என்னிடம் தராமல் கிளினிக் வாசலில் நின்று அவரே படித்தார். என் கையில் இருந்த தாளில் அம்மாவின் எண் ஏறத் தொடங்கியிருந்தது, ஆனால் இன்னும் பழைய இடத்துக்கு வரவில்லை. அண்ணியின் எண்ணை நான் எட்டிப் பார்த்தேன். அதற்குள் அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் அம்மா அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டு, வடைமாவைக் கையில் எடுத்தபடி நின்றார். கையில் இருந்த மாவைத் தட்ட மறந்திருந்தார்.

“ரெண்டு புள்ளி மூணு, அத்தை” என்றார் அண்ணி. “மண்டோரு சத்தம் கொறைஞ்சிருச்சு.”

அம்மா கொஞ்சம் யோசித்தார். “அப்ப சூடு?”

“சூடு அடுப்புலதான் இருக்கு. எண்ணெ பொகையுது பாருங்க.”

அம்மா அடுப்பைத் தணித்து, மாவைத் தட்டி எண்ணெயில் போட்டார். இரண்டாவது வடையைப் போட்ட பிறகு எங்களைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

“இந்த வருஷம் அண்டாவ கணேசு தூக்கட்டும்.”