டாக்டர் வீட்டு டிராக்டர்

என் கணவருக்கு ஊசி போடத் தெரியும், ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. இதை ஒரு குறையாக நான் சொல்லவில்லை. எனக்கும்தான் ஊசி போடத் தெரியாது. ஆனால் நான் யாரிடமும் போய் நான்தான் டாக்டர் என்று சொல்லிக்கொண்டதில்லை.

டல்லாஸுக்கு வடக்கே காரில் ஒரு மணி நேரம் போனால் எங்கள் ஊர் வரும். சின்ன ஊர். அதன் ஆஸ்பத்திரிக்கு அமெரிக்க டாக்டர் யாரும் வர மாட்டேன் என்றதால் பாளையங்கோட்டை கிருபைராஜ் வந்தார். அவரைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு நாசரேத்திலிருந்து ஜெயலீலா என்கிற நானும் வந்தேன். கிண்டியில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்தவள். வகுப்பில் பெண் என்று இருந்தது நான் ஒருத்திதான். ஊரில் டிராக்டர் ரிப்பேர் செய்யும் ஒர்க்ஷாப் ஒன்று இருக்கிறதே, அங்கே வேலை கேட்கட்டுமா என்றதற்கு என் கணவர் சிரித்தார். டாக்டர் பெண்டாட்டி கிரீஸ் கையோடு நின்றால் தன்னிடம் எவன் வைத்தியத்துக்கு வருவான் என்றார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

நாங்கள் வாங்கிய வீட்டின் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் பழைய சிவப்பு டிராக்டர் ஒன்று கிடந்தது. நாற்பத்தெட்டில் செய்தது. விற்றவர் அதை எடுத்துப்போகக்கூட விரும்பவில்லை. நான் அதை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், கோடைத் திருவிழா நடக்கும்போது பழைய டிராக்டர்களுக்கு இழுவைப் போட்டி வைப்பார்கள். டிராக்டரின் பின்னால் தரையில் இழுபடுகிற ஒரு பெரிய இரும்பு ஸ்லெட்டை மாட்டிவிடுவார்கள். வண்டி முன்னே போகப்போக ஸ்லெட்டின் மேலுள்ள எடைப்பெட்டி நகர்ந்து முன்பக்கம் வரும், பாரம் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் எப்பேர்ப்பட்ட வண்டியும் நின்றுவிடும். அதிக தூரம் இழுத்தவருக்குப் பரிசு. எண்பத்தைந்தில் அதைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளே நான் எஞ்சினைப் பிரித்தேன்.

சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போட்டேன். ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவி கம்ப்ரஷனைக் கூட்டினேன். கார்பரேட்டரில் ஜெட் துளையைப் பெரிதாக்கினேன். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றினேன். எஞ்சின் வேலை சுலபம், அது கணக்கு. உயிரை வாங்கியது ஸ்டியரிங்தான். சக்கரத்தைக் கால் சுற்று திருப்பின பிறகுதான் முன் டயர் அசையும், அவ்வளவு தேய்மானம். பெட்டியைத் திறந்து பல்சக்கரங்களை மாற்றி, புஷ் எல்லாம் புதிதாகக் கடைந்து, காயலான் கடையிலிருந்து அகலமான முன் ஆக்சில் ஒன்று கொண்டுவந்து, அதற்கேற்ற இணைப்புக் கம்பியை நானே வெல்ட் பண்ணினேன். கையில் தீப்பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த ஒரு வருஷம் முழுக்க என் கணவர் கொட்டகைக்குள் வந்தது சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பதற்கு மட்டுமே.

ஆனால் டல்லாஸ் தமிழ் ஜெபக்கூட்டத்தில் சொன்ன கதை வேறு. 'சும்மா ஒரு ஹாபி, கொஞ்சம் ஆல்டர் பண்ணிட்டிருக்கேன்' என்று சொல்லியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து குடும்பம் பார்க்க வந்தது. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தீப்பொறி தருகிற மேக்னெட்டோவைக் காட்டி இதுதான் கார்பரேட்டர் என்று விளக்கினார். எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். நான் பக்கத்தில் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டால், எல்லாம் ஒரே வீடுதானே, உன்னுது என்ன என்னுது என்ன என்றார். சரி, பேர் போனால் போகட்டும், போட்டியில் ஓட்டுவது நான்தான் என்று சொல்லி வைத்தேன். சம்மதித்தார். எனக்கு அது போதும் என்றிருந்தது.

திருவிழா நெருங்கும்போது நியூஜெர்ஸி எடிசனிலிருந்து போன் வந்தது. அவருடைய அக்கா கிருபாராணியும் அக்கா புருஷன் தேவநேசனும் வருகிறார்களாம். எனக்கு அப்போதே பயம்தான். அந்தக் குடும்பத்தில் மூத்த மாப்பிள்ளைக்குத்தான் எதுவும் முதலில். புது வீட்டுக்குக் கதவைத் திறப்பது அவர், புது காரை முதலில் ஓட்டுவது அவர், கேக்கில் முதல் துண்டும் அவருக்கே. நாங்கள் இந்த ஊரில் கார் வாங்கியபோது, அவர் நியூஜெர்ஸியிலிருந்து வரும்வரை இரண்டு வாரம் அது ஷெட்டில் நின்றது.

நான் பயந்தது நடந்தது. அவர்கள் வந்த அன்று சாப்பாட்டு மேஜையிலேயே என் கணவர் ஆரம்பித்தார்.

"அத்தான்தான் மொத இழுவை இழுக்கணும். நாங்க முடிவு பண்ணிட்டோம்."

யார் அந்த நாங்கள்? நான் தோசைக்கரண்டியோடு அப்படியே நின்றேன். அடுப்படிக்குப் பின்னாலேயே வந்தார். ஒரு தடவைதானே, அடுத்த வருஷம் நீ ஓட்டு, அவங்களுக்கு மரியாதை செய்யலேன்னா அக்கா மூஞ்சிய தூக்கிக்கிடுவா என்று கெஞ்சினார். அவர் அக்கா மூஞ்சி முக்கியம். என் ஒரு வருஷம் முக்கியமில்லை. அன்று நான் ஒரு வாய் சாப்பிடவில்லை. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

ஆனாலும் வண்டி என்னுடையது அல்லவா, மனசு கேட்கவில்லை. போட்டியன்று காலை தேவநேசன் அண்ணனை உட்காரவைத்து விளக்கினேன். பாரம் ஏறினால் முன் சக்கரம் தரையை விட்டுத் தூக்கிவிடும். அப்புறம் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் பிரயோஜனமில்லை. வலது காலடியில் இரண்டு பிரேக் இருக்கிறது, ஒன்று இடது சக்கரத்துக்கு, ஒன்று வலதுக்கு. எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்து பிரேக்கை மட்டும் லேசாக மிதிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பூட்டுகிற கொக்கியை நானே கழற்றி விட்டிருக்கிறேன், அதைத் தொடாதீர்கள் என்றேன்.

"எனக்கே டிராக்டர் சொல்லித் தர்றியாம்மா? ஊர்ல கோயில் அசன விருந்துக்கு அரிசி மூட்டை பூரா நான்தான் டிராக்டர்ல கொண்டு போவேன்."

தார் ரோட்டில் டிரெய்லர் இழுத்த ஞானம் அது. அப்புறம் பானெட்டின் மேல் கை வைத்து நீளமாக ஜெபித்தார். கர்த்தர் கிருபைராஜின் கையின் பிரயாசத்தை ஆசீர்வதிக்க வேண்டுமாம். நான் ஆமென் சொல்லவில்லை.

களத்துக்குள் ஓட்டுபவரைத் தவிர யாரும் நிற்கக்கூடாது. நாங்கள் வேலிக்கு வெளியே நின்றோம். பச்சைக் கொடி காட்டினார்கள். என் எஞ்சின் முழங்கியதே, அந்தச் சத்தத்தில் ஒரு நிமிஷம் என் கோபம்கூட மறந்துபோயிற்று. அவ்வளவு சுத்தமாக இழுத்தது. பாதித் தூரம் வரை யாரும் கிட்டே வர முடியாத இழுவை. பிறகு முன் சக்கரம் தூக்கியது. வண்டி மெல்ல வலது பக்கம் சாய்ந்து போனது. அண்ணன் அந்தரத்தில் நின்ற சக்கரத்தை வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கை இடது பக்கமாகச் சுற்றோ சுற்றென்று சுற்றினார். 'இடது பிரேக், இடது பிரேக்' என்று தொண்டை கிழியக் கத்தினேன். வண்டி களத்து ஓரத்தில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியது. சிவப்புக் கொடி விழுந்தது. கோட்டைத் தாண்டினால் போட்டியிலிருந்து வெளியே.

இறங்கி வந்த அண்ணனுக்கு முகமெல்லாம் வியர்வை. ஸ்டியரிங் வேலை செய்யவில்லை, ஏதோ உடைந்திருக்கிறது, உயிர் தப்பியதே தேவ கிருபை என்றார். கிருபாராணி மைனி அழவே ஆரம்பித்துவிட்டாள். வண்டிகளைச் சோதிக்கிற ஹார்லன் என்கிற பெரியவர் வந்தார். ஸ்டியரிங்கில் கோளாறு என்றால் அந்த வண்டியை இனி களத்தில் விட முடியாது, இந்த ஸ்டியரிங் வேலை யார் செய்தது என்று என் கணவரைப் பார்த்துக் கேட்டார்.

ஒரு வருஷமாக ஊரெல்லாம் 'நான் செய்தது' என்று சொன்ன மனுஷர், ஒரு நொடிகூட யோசிக்காமல் என் பக்கம் கையை நீட்டினார்.

"என் மனைவி செய்தது" என்றார் ஆங்கிலத்தில்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பொய் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது. உண்மை அவருக்கு எப்போதும் தெரிந்தே இருந்திருக்கிறது. என் தலையில் பழி போட வேண்டிய நாள் வரும்வரை அதை வெளியே எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

"ஆமாம், நான்தான் செய்தேன். பிரித்துக்கூடப் பாருங்கள்" என்று ஹார்லனிடம் சொன்னேன்.

அவர் நிதானமாகப் பார்த்தார். ஸ்டியரிங்கைத் திருப்பினார், அடியில் படுத்துக் கம்பியை ஆட்டினார், என் வெல்டிங்கை விரலால் தடவினார். இதில் ஒரு குறையும் இல்லை என்றார். பிறகு மேலே ஏறி பிரேக்கைப் பார்த்தார். இரண்டு பெடலையும் சேர்த்துக் கொக்கி பூட்டியிருந்தது. இதை யார் பூட்டினார்கள் என்று கேட்டதும் தேவநேசன் அண்ணன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டே, சேஃப்டிக்காக நான்தான் போட்டேன், ஊரில் எப்போதும் போட்டுத்தான் ஓட்டுவோம் என்று முனகினார். யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மைனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி விடுங்க, சாப்பாடு ஆறுது, வீட்டுக்குப் போவோம் என்றாள்.

நான் போகவில்லை. கனமான வண்டிகளுக்கு அடுத்த போட்டி இருந்தது. முன்பக்கம் கூடுதல் எடை மாட்டினால் அதில் சேரலாம். உதவிக்குக்கூட எவனையும் கூப்பிடாமல் இரும்புத் தட்டுகளை நானே ஒவ்வொன்றாகத் தூக்கி மாட்டினேன். பேர் கேட்டார்கள், ஜெயலீலா என்றேன். புடவைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். கொக்கியைக் கழற்றிவிட்டேன்.

வண்டி களத்து வாசலுக்குப் போகும்போது என் கணவர் கூடவே வேகமாக நடந்து வந்தார்.

"லீலா, எல்லாரும் பாக்காங்க. இறங்கு."

"பாக்கட்டும். ஒரு வருஷமா யாரும் பாக்கல."

அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஸ்லெட்டை மாட்டினார்கள். கொடி காட்டினார்கள். கிளட்சை விட்டேன். பாரம் ஏறினபோது முன் சக்கரம் தூக்கியது, வண்டி அதே போல வலது பக்கம் சாயப் பார்த்தது. இடது பிரேக்கை மிதித்தேன். நேரானது. மறுபடி சாய்ந்தது, மறுபடி மிதித்தேன். அவர்கள் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் காலில் இருந்தது, ஆனாலும் மெதுவாகத்தான் மிதித்தேன், ஏனென்றால் இது என் வண்டி. நகரவே முடியாமல் அது நின்றபோது சுண்ணாம்புக் கோடுகள் இரண்டுக்கும் நடுவில் நின்றேன். மூன்றாம் இடம். எனக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் முப்பது வருஷமாக இழுக்கிறவர்கள்.

பரிசு வாங்கின வண்டிகளை உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார். என் வண்டிக்கு வந்தபோது எங்கிருந்தோ என் கணவர் வந்துவிட்டார். ஒரு டயர் பக்கம் அவர், இன்னொரு டயர் பக்கம் தேவநேசன் அண்ணன். தலையைக்கூட வாரிக்கொண்டு வந்திருந்தார்கள். என் கணவர் தலையை உயர்த்தி, ரொம்பப் பிரியமாகத்தான் கேட்டார்.

"லீலா, கொஞ்சம் இறங்கி இப்பிடி ஓரமா நில்லேன். போட்டோக்கு அத்தான் மேல உக்காரட்டும்."

மரியாதைக்காகக் கேட்கிறார். இதில் என்ன தப்பு என்று அவருக்கு நிஜமாகவே தெரியாது. அதைப் பார்த்ததும்தான் என் கோபம் ஒரு முடிவுக்கு வந்தது.

"சீட்டு ஒண்ணுதான் இருக்கு. அதுல நான் இருக்கேன். ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க, டயர் கால்ல ஏறிரும்."

கியரைப் போட்டு வண்டியை முன்னால் நகர்த்தினேன். அவர்கள் பின்னால் குதித்தார்கள். பத்திரிகைக்காரர் சிரித்துக்கொண்டே படத்தை எடுத்தார். அடுத்த வாரம் பேப்பரில் அது வந்தது. டிராக்டரும் நானும் மட்டும்தான் இருக்கிறோம்.